ஒரு விரல் காற்று

அந்தத் தோப்பில் வேலைக்குச் சேர்ந்த அன்று எங்களுக்குச் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்றுதான். காற்றில் வெட்டாதே. கேட்டுக்குப் பக்கத்தில் பச்சைப் பலகையில் பெரிதாக எழுதியும் வைத்திருந்தார்கள். எனக்கு எழுத்து வந்ததே நாற்பத்து மூன்று வயதில், ரோஜாப் பெட்டிகளின் மேல் ஒட்டுகிற சீட்டைப் பார்த்துப் பார்த்து. அதனால் பலகையை நான்தான் படித்தேன். கூட வந்த பதினோரு பெண்களுக்கும் படித்துச் சொன்னேன்.

"இதைச் சொல்றதுக்கு ஒரு பலகையா?" என்றாள் திம்மக்கா. "நம்ம கைக்கே தெரியுமே."

தெரியும். அதனால்தான் எங்களைத் தேடி வந்தார்கள். நாங்கள் பன்னிரண்டு பேரும் ஓசூர்ப் பக்கம் பிளாஸ்டிக் கொட்டகைக்குள் இருபது வருடம் ரோஜா வெட்டியவர்கள். ரோஜாவைக் காற்றில் வெட்டினால் தண்டு ஒரு வாய் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். வெட்டிய அன்று ஒன்றும் தெரியாது. பெட்டியில் ஏறி, விமானத்தில் போய், எவர் வீட்டுப் பூச்சாடியிலோ நிற்கும்போது மொட்டு அப்படியே தலையைத் தொங்கப்போடும். கழுத்து விழுந்தது என்போம். தண்ணீர் குடிக்க வாய் இருந்தும், தொண்டையில் காற்று அடைத்துச் செத்த பூ அது. அதனால் தண்டை வாளித் தண்ணீருக்குள் முக்கி, தண்ணீருக்குள்ளேயே கத்திரி போடுவோம்.

தோப்பிலும் அதே வேலைதான். பூவுக்குப் பதிலாக மரம். நீண்டுபோன கிளை எதுவானாலும் ஏணியில் ஏறி, வளைத்து, ஏணியில் மாட்டிய வாளிக்குள் முக்கி, தண்ணீருக்குள் வெட்டி, வெட்டுவாயில் மெழுகு அப்பிவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். திங்கட்கிழமை தோறும் கிளை வெட்டு.

நாலாயிரம் மரங்கள். கம்பெனி வைத்த பெயர் ஏற்ற மரம். மண்ணுக்குக் கீழே முந்நூறு அடி வேர். மேலே நாற்பதடி உயரம். ஒவ்வொரு மரத்தின் தலையிலும் கண்ணாடி போலத் தெளிவான ஒரு தாள் மூடியிருக்கும். நாங்கள் அதை முக்காடு என்போம். இலை விடுகிற ஆவி முக்காட்டில் பட்டுத் துளியாகி, வழிந்து, மரத்தின் இடுப்பில் கட்டிய குழாயில் இறங்கி, பூமிக்கடியில் போகிற பெரிய குழாயில் சேர்ந்து நகரத்துக்குப் போய்விடும். முக்காடு போட்ட மரத்தில் குருவி உட்காராது. அவ்வளவு பெரிய தோப்பில் ஒரு எச்சம்கூடப் பார்க்க முடியாது.

தோப்புக்குக் கீழே மலைச் சரிவில்தான் எங்கள் ஊர், பாறைக்கொட்டாய். அறுபத்திரண்டு வீடு, ஒரு கிணறு. கிணற்றின் உள்சுவரில் கல்லைத் துருத்தி வைத்த படிகள் முப்பது. கீழிருந்து எண்ணினால், எந்தக் கோடையிலும் பன்னிரண்டாவது படிக்குக் கீழே தண்ணீர் இறங்கியதில்லை. தோப்பு வைத்த நாலாவது வருடம் எட்டுக்கு இறங்கியது. அடுத்த வருடம் ஐந்து.

கம்பெனியில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே ஆள் தெய்வசிகாமணி. சேலத்துக்காரர். மரங்களுக்கு நாடி பார்க்கிற வேலை. மர டாக்டர் என்று கூப்பிடுவோம். ஒரு நாள் திம்மக்கா கொடுத்த களியைக் கீரைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"மோட்டாரு இல்ல, கரண்டு இல்ல. முந்நூறு அடி எப்பிடி சார் ஏறுது?"

"இலையில கண்ணுக்குத் தெரியாத வாய் நிறைய இருக்குதும்மா. வெயில் பட்டா அது வழியா ஒரு துளி ஆவியாப் போகும். போற துளி தனியாப் போகாது. பின்னால இருக்கிற துளியைக் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுத்தான் போகும். அது அதுக்குப் பின்னால இருக்கிறதை இழுக்கும். இப்படியே வேர் வரைக்கும் ஒரே கோத்த கை."

"அப்ப கீழருந்து யாரும் தள்றதில்ல?"

"பகல்ல இல்ல. எல்லாம் மேலருந்து இழுவைதான். இழுக்கிறது வெயிலு."

"இழுக்கிறதுன்னா கயிறு வேணுமே?" என்றாள் திம்மக்கா.

"தண்ணியே கயிறு."

"வாளி?"

"அதுவும் தண்ணிதான்."

"நல்லாருக்குது சார். கயிறு அறுந்தா?"

அவர் களியைத் தட்டில் வைத்துவிட்டார். இடுப்பில் மாட்டியிருந்த சின்னப் பெட்டியை எடுத்து, அதன் வயரைப் பக்கத்து மரத்தில் குத்தி, மறுமுனையை என் காதில் வைத்தார். டிக் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். யாரோ விரலில் நெட்டி முறிக்கிற மாதிரி.

"ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு இழை அறுந்துச்சுன்னு அர்த்தம். காத்து பூந்துடுச்சு. வெயில் கடுமையா இருந்தா எல்லா மரத்துலயும் நடக்கும். அறுந்துபோறது மெஷினுக்குக் கேக்கும். ஆனா திரும்பக் கூடுறது சத்தமில்லாமக் கூடும். எந்த மெஷினுக்கும் கேக்காது."

"கூடுமா?"

"நிலம் ஈரமா இருந்தா ராத்திரியில வேர் கீழருந்து மெதுவாத் தள்ளும். காத்து கரைஞ்சு கயிறு திரும்ப ஒட்டிக்கும். சாதா மரத்துல இன்னொரு பாதுகாப்பும் உண்டு. குழாய்க்குக் குழாய் நடுவுல கதவு மாதிரி ஒரு சல்லடை. காத்து வந்தா அந்தக் கதவோட நின்னுக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுல கதவை எடுத்துட்டோம். தண்ணி வேகமாப் போகணும்னு. வேரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுக் கட்டியிருக்கோம். நாலாயிரம் மரமும் ஒரே கயிறு."

"அதான் பலகை வெச்சீங்களா?"

"அதான்."

திம்மக்கா அவர் தட்டில் இன்னொரு உருண்டை வைத்தாள். "சாப்டுங்க சார். வீட்டுக் கதவைக் கழட்டிட்டுத் திருடன் வராதேன்னு போர்டு வெச்ச ஆளுங்க நீங்க. தெம்பு வேணும்."

கிணறு ஐந்தாவது படிக்கு இறங்கியபோது ஊரே சேர்ந்து மனுக் கொடுக்கப் போனோம். அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார்.

"மோட்டார் வெச்சு இழுத்தா நான் சீல் வைப்பேன். சட்டம் இருக்குது. இது மரம்மா. விவசாயத்துல வருது. மரம் தண்ணி குடிக்கிறதை நான் எப்படித் தடுக்கிறது?"

"குடிச்சா சரிங்க," என்றாள் திம்மக்கா. "இந்த மரம் குடிக்கிறதில்லியே. மொண்டு ஊத்துது."

அவர் சிரித்தார். மனுவில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். அதோடு சரி.

இதில் என் பக்கம் ஒரு முள்ளும் உண்டு. என் மகள் நாகரத்னா அந்த நகரத்தின் ஓரத்தில், அடுக்கு வீடுகளில் ஏழாவது மாடியில் இருக்கிறாள். துணிக் கம்பெனியில் தையல் வேலை. தோப்பு வருவதற்கு முன்னால் அவர்களுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை லாரித் தண்ணீர். ஏழு மாடி குடம் தூக்கித்தான் அவளுடைய முதல் பிள்ளை கலைந்தது. தோப்பு வந்த பிறகு தினமும் காலையில் குழாயில் தண்ணீர். போன் பண்ணும்போதெல்லாம், "அம்மா, உன் மரத்துத் தண்ணி வந்துடுச்சு" என்பாள். அவளுக்கு இப்போது இரண்டு வயதில் ஒரு பெண் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் குளித்து வளர்ந்த பெண்.

அதனால் ஐந்து வருடம் நான் வாயைத் திறக்காமல் கிளை வெட்டினேன்.

பிறகு ஜெயந்த் மேனேஜராக வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நகரத்திலிருந்து இன்னும் தண்ணீர் வேண்டும் என்று அவரை அனுப்பியிருந்தார்கள். வந்த வாரமே ஒவ்வொரு முக்காட்டுக்குள்ளும் ஒரு விசிறி மாட்டினார். காற்று அடித்தால் ஈரத்துணி சீக்கிரம் காய்கிற மாதிரி, இலையும் அதிகமாக ஆவி விடும். குழாயில் தண்ணீர் ஒன்றரை மடங்கு ஆனது. மரத்தில் காதை வைத்தால் டிக் டிக்கென்று கம்பு பொரிகிற மாதிரி கேட்டது.

கிணறு ஒரே மாதத்தில் ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறங்கியது. பிறகு சேறு. அந்தச் சேற்றில் கொட்டாங்குச்சியால் மொண்டு, தெளிய வைத்துக் குடித்தோம்.

ஒரு நாள் ஜெயந்த் ஊருக்கே வந்தார். மலைக்கு அடியில் கீழ்நாட்டில், ரோட்டோரம், எல்லாருக்கும் வீடு கட்டித் தருவதாகச் சொன்னார். தளம் போட்ட வீடு. ஆடி மாதத்துக்குள் காலி செய்துவிட வேண்டும்.

"வீட்டைக் கீழ கட்டுவீங்க. நிலம்?" என்று கேட்டேன்.

"தண்ணி இல்லாத நிலத்தை வெச்சு என்னம்மா செய்யப்போறீங்க?"

"தண்ணி எங்க போச்சுங்க?"

அவர் மேலே தோப்பைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தன் செருப்பைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. பதில் சொல்லாமலிருக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

அன்று சாயங்காலம் நாங்கள் பன்னிரண்டு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்தோம். யாரும் அழவில்லை. அழுது முடித்து வெகு நாளாகியிருந்தது.

"தீ வெச்சுடலாமா?" என்றாள் ஒருத்தி.

"கேமரா இருக்குது. நூறு பேரை உள்ள வைப்பான்," என்றாள் இன்னொருத்தி.

நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாக எங்கள் யாருக்குமே உறைக்காத ஒன்று அப்போதுதான் உறைத்தது. கிளை வெட்டுக்கு வாளித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதே கிணற்றிலிருந்து. தோப்பில் நாலாயிரம் மரம் தண்ணீர் ஏற்றுகிறது. ஆனால் எல்லாம் மூடிய குழாய். வேலை செய்கிற எங்களுக்கென்று ஒரு பைப்புகூட அங்கே கிடையாது. திங்கட்கிழமை காலையில் நாங்கள்தான் ஆளுக்கு ஒரு வாளி மொண்டு, சரிவில் ஏறிக் கொண்டுபோவோம். எங்கள் கிணற்றை வற்றடித்த மரத்துக்குக் காற்றுப் படாமல் காத்தது எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

"வர்ற திங்கக்கிழமை வாளியைக் காலியாக் கொண்டுபோவோம்," என்றேன். "சேத்தைக் குடிக்கிறவங்க மரத்துக்கு மொண்டு தர முடியாது."

"வெட்டுன்னு சொன்னா?" என்றாள் திம்மக்கா.

"எழுதிக் குடுக்கச் சொல்லுவேன்."

அவள் என்னையே பார்த்தாள். "உன் மவ?"

நான் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பன்னிரண்டு காலி வாளிகளையும் தோப்பு வாசலில் வரிசையாக வைத்தோம். ஜெயந்த் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். தெய்வசிகாமணி பின்னால் நின்றார்.

"என்ன இது?"

"கிணத்துல தண்ணி இல்லீங்க," என்றேன். "வாளியில ஊத்த ஒரு குழாயைத் திறந்து விடுங்க. வெட்டுறோம்."

"குழாயெல்லாம் சீல் வெச்சது. ஒரு சொட்டு குறைஞ்சாலும் அங்க கேள்வி வரும். கிளை முக்காட்டைக் கிழிச்சுக்கிட்டு நிக்குது. இன்னைக்கு வெட்டியாகணும்."

"தண்ணி இல்லாம வெட்டக் கூடாதுங்க. பலகையில போட்டிருக்குது."

"ஒரு கிளையை வெட்ட எதுக்கும்மா அபிஷேகம்? சும்மா வெட்டுங்க."

தெய்வசிகாமணி மெல்ல, "சார், இந்த மரத்துல கதவு இல்லை" என்றார்.

"என்ன கதவு?"

"காத்து போனா நிக்காது சார். ஒண்ணுலருந்து ஒண்ணுக்கு..."

"ஒரு பத்து மரம் போனாப் போகட்டும். வேற நடலாம். இந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டு நின்னா, மேலருந்து கேக்கிறவங்களுக்கு எவன் பதில் சொல்றது?"

நான் கையை நீட்டினேன். "எழுதிக் குடுங்க."

"என்ன?"

"தண்ணி இல்லாம வெட்டச் சொல்லி எழுதிக் குடுங்க. நாளைக்கு நாங்க சொல்லாமச் செஞ்சோம்னு ஆகக் கூடாது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "படிக்கத் தெரியுமா?"

"எழுத்துக் கூட்டுவேன்."

தெய்வசிகாமணியிடம் ஒரு தாளைக் கிழித்து எழுதச் சொன்னார். அவர் எழுதியதும் ஜெயந்த் கீழே கையெழுத்துப் போட்டார். நான் வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். 'இன்று தண்ணீர் இல்லாமலே கிளைகளை வெட்டவும்.' மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஏணியில் நான்தான் முதலில் ஏறினேன். சரிவின் உச்சியில் இருக்கிற மரம் அது. சுண்டு விரல் பருமனுள்ள கிளை. கத்திரியை வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றேன். ஏழாவது மாடியும், குழாய்க்குக் கீழே உட்கார்ந்து தலையில் தண்ணீர் விழுந்ததும் கண்ணை இறுக்கிக்கொள்கிற பேத்தியும் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். பிறகு கொட்டாங்குச்சிச் சேறும் வந்தது. இரண்டும் ஒரே தண்ணீர்தான். ஒருத்தர் வாயிலிருந்து பிடுங்கி இன்னொருத்தர் வாயில் ஊற்றிவிட்டு, இரண்டு பேரும் தாயும் மகளுமாக இருப்பதால் வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

வெட்டினேன். காற்றில்.

முதலில் வெட்டுவாயில் ஸ்ஸ் என்று ஒரு சின்ன உறிஞ்சல். சூடான டீயை உறிஞ்சுகிற மாதிரி. பிறகு மரத்துக்குள் டிக். அப்புறம் பெட்டியோ வயரோ தேவைப்படவில்லை. வாணலியில் நெல் பொரிகிற மாதிரி அந்த மரம் முழுக்கப் பொரிந்தது. சத்தம் அடிமரம் வழியாக மண்ணுக்குள் இறங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பக்கத்து மரத்தில் கேட்டது. அதற்கடுத்த மரத்தில். ஆள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கூட்டம் சருகு மேல் ஓடுவது போல, அந்தச் சத்தம் சரிவு முழுவதும் பரவி இறங்கியது. நாங்கள் இரண்டாவது கிளையைத் தொடவே இல்லை.

மத்தியானத்துக்குள் இலைகள் கழுத்தைத் தொங்கப்போட்டன. நாலாயிரம் முக்காடுகளும் காய்ந்து, உள்ளே விசிறி மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ஜெயந்த் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. எனக்கு அந்த மரங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை வருடமும் வெயிலில் நின்று சுமந்தவை. எங்களைப் போலத்தான்.

விசாரணைக்குக் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தாளைக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார். "இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். படிக்காத கூலிக்காரி, சொன்னதைச் செய்தாள் என்று முடித்திருப்பார்கள். அப்படிச் சொல்லத்தான் அவர்களும் எனக்கு வழி விட்டார்கள்.

"தெரியும்," என்றேன். "இருபத்தஞ்சு வருஷமாத் தெரியும். பேப்பர்ல கையெழுத்துப் போட்டது மேனேஜருதான். ஆனா வெட்டினது தெரிஞ்சு வெட்டினது. மேனேஜருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

திம்மக்கா வாசலில் நின்றுகொண்டு, "எனக்கும் தெரியுங்க" என்றாள். பின்னாலிருந்து மற்றவர்களும் சொன்னார்கள்.

ஜெயந்தை மாற்றிவிட்டார்கள். எங்களைப் போலீசில் கொடுத்திருப்பார்கள். கொடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் தெய்வசிகாமணி. மரத்தை மீட்க ஒரே வழிதான் உண்டு என்று அவர்களிடம் சொன்னார். விசிறியை நிறுத்த வேண்டும். முக்காட்டைக் கழற்ற வேண்டும். நிலத்தை ஆழமாக நனைக்க வேண்டும். வாரக் கணக்கில், நாலாயிரம் மரத்துக்கும். அப்போதுதான் ராத்திரியில் வேர் தள்ளும், காற்று கரையும், கயிறு கூடும். கூடியதா இல்லையா என்று எந்த மெஷினும் சொல்லாது. வாரம் ஒரு கிளையைத் தண்ணீருக்குள் வெட்டி, வாளியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கழுத்து நின்றால் கூடிவிட்டது. விழுந்தால் இன்னும் காற்று இருக்கிறது. அதைக் கெடுக்காமல் வெட்டத் தெரிந்த கைகள் இந்த மலையில் பன்னிரண்டு ஜோடிதான்.

அடுத்த வாரம் லாரிகள் ஏறி வந்தன. நகரத்திலிருந்து. எத்தனை லாரி என்று எண்ணுவதை இரண்டாம் நாளே விட்டுவிட்டோம். இங்கிருந்து குழாயில் போன தண்ணீர் டயரில் திரும்பி வந்து, எங்கள் மலைத் தலையிலேயே இறங்கியது. மண் குடித்தது. பாறை இடுக்கில் வழிந்தது. ஒன்பதாம் நாள் கிணற்றுச் சேற்றின் ஓரத்தில் தெளிந்த தண்ணீர் ஒரு கையளவு நின்றது. திம்மக்கா படியில் இறங்கி முதல் கை மொண்டு குடித்தாள். மேலே பார்த்து, "டீசல் வாசனை அடிக்குதுடி" என்றாள். ஊரே சிரித்தது.

நாகரத்னா அன்று போன் பண்ணினாள்.

"அம்மா, இங்க குழாய் நின்னுடுச்சு. லாரி வர்றது பழையபடி நாலு நாளுக்கு ஒண்ணு. லைன்ல நிக்கிற பொம்பளைங்க, எவளோ மலைக்காரி வேணும்னே வெட்டினான்னு திட்டுறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை. குடத்தை வெச்சுக்கிட்டு நின்னேன்."

"நான்தான் வெட்டினேன்."

"தெரியும்மா."

பின்னால் பேத்தியின் சத்தம் கேட்டது.

"கிணத்துல எத்தனை படி?" என்று நாகரத்னா கேட்டாள்.

"இன்னும் ஒண்ணுகூட நனையலை."

"எத்தனை வந்தா இங்க தண்ணி விடுவே?"

"பன்னெண்டு."

"பதிமூணு கேக்காத," என்றாள். "நான் ஏழு மாடி ஏறுறன். பன்னெண்டு வரைக்கும் ஏறுறன். அதுக்கு மேல ஏற மாட்டன், சொல்லிட்டன்."

"கேக்க மாட்டன்."

அதற்குப் பிறகு திங்கட்கிழமை தோறும் விடிகாலையில் சோதனைக் கிளை வெட்டினேன். வேர் தள்ளுகிற நேரம் அது, மரத்துப் பக்க வாயில் காற்று ஏறாது. புதிய மேனேஜர், தெய்வசிகாமணி, நகரத்திலிருந்து வந்த ஒருவர், மூவரும் சுற்றி நிற்பார்கள். வாளி நிறையக் கிணற்றுத் தண்ணீர். கிளையை வளைத்து இறக்குவேன். கத்திரி போடுவேன். உடனே தண்ணீரில் முக்கி நிறுத்துவேன். ஒரு மணி நேரம் காத்திருப்போம். கழுத்து விழும்.

"இன்னும் காத்து இருக்குதுங்க," என்பேன்.

லாரிகள் திரும்பவும் ஏறும்.

மூன்று படி. ஐந்து. எட்டு. மரங்களில் முக்காடு இல்லாததால் குருவிகள் வர ஆரம்பித்தன. பத்தாவது படி நனைந்த வாரம் கொழுந்துகள் நிமிர்ந்தே இருந்தன. கண்ணுள்ள எவருக்கும் சந்தேகம் வரும். புதிய மேனேஜருக்கு வந்தது.

"இலையைப் பார்த்தா நல்லாத்தானே இருக்குது? ஏன் இன்னும் விழுது?" என்றார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை தெய்வசிகாமணி என் ஏணிக்குப் பக்கத்தில் வந்து, வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதுவரை அவ்வளவு கிட்டே அவர் வந்ததில்லை. கிளையை இறக்கினேன். எப்போதும் போல, கத்திரியின் வாய் தண்ணீருக்கு ஒரு விரல் மேலே. ஒரு விரல்தான். சுற்றி நிற்கிறவர்களுக்கு வாளியின் விளிம்பு மறைக்கும். மேலே குனிந்து நிற்கிறவருக்குத் தெரியும்.

வெட்டினேன். அந்தச் சின்ன உறிஞ்சல் கேட்டது. எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். இத்தனை வருடம் மரத்தில் காது வைத்தவர்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். கத்திரியைப் பார்த்தார். பிறகு வெகு கீழே, கிணற்றடியில் குடங்களோடு நின்ற பெண்களைப் பார்த்தார்.

"வாளி ஆடுது," என்று சொல்லிவிட்டு, தன் தோளை இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து விளிம்பை நன்றாக மறைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் கழுத்து விழுந்தது. அவர் நோட்டைத் திறந்து எழுதினார். தலைகீழாக இருந்தாலும் எழுத்துக் கூட்டிவிட்டேன். 'காற்று உள்ளது. மேலும் தண்ணீர் தேவை.'

"இன்னும் எத்தனை வாரம்?" என்று புதிய மேனேஜர் கேட்டார்.

தெய்வசிகாமணி என்னைப் பார்த்தார். "அந்தம்மாவைத்தான் கேக்கணும்."

அன்று காலையில் பதினோராவது படி நனைந்திருந்தது.

"ஒண்ணுங்க," என்றேன். "இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஆனா ஒண்ணு சொல்றன், எழுதிக்கங்க. நிலம் மறுபடியும் காஞ்சா, மறுபடியும் காத்து வரும்."

"எங்கிருந்து வரும்?"

நான் கத்திரியைச் சேலையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"வருங்க," என்றேன்.